பந்தைப் பார்க்காத மேனேஜர்

கோல் விழுந்ததும் மைதானமே எழுந்து கத்தும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் நிற்பவர் தோளைத் தட்டி, "யாரு அடிச்சா?" என்று கேட்பார். கோல் அடித்த அணியின் மேனேஜர்தான் அவர்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது பழைய கிண்டல். பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு வந்து உட்காருகிறவனைப் பார்த்து, "வந்துட்டாருய்யா மேனேஜரு, யாரு அடிச்சான்னு கேப்பாரு" என்பார்கள். அவர் காதிலும் அது விழும். கோபப்பட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை. இடது முழங்கால் தேய்ந்துபோனதால் ஊன்றி நிற்பதற்கு. அந்தக் குடையை எல்லைக் கோட்டுக்கு வெளியே ஊன்றி, பந்து கிழக்கே இருந்தால் மேற்கே பார்த்தபடி நிற்பார். மேற்கே போனால் கிழக்கே திரும்பிக்கொள்வார். முதல்முறை பார்க்கிறவர்கள் இவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அவர் இங்கே இல்லை. குமுளிக்கு மேலே மலையில் மகள் வீட்டில் இருக்கிறார். மைதானப் பக்கம் பஸ்ஸில் போகும்போது விசில் சத்தம் கேட்டால் நான் இன்னமும் கோல் பக்கம்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

என் மகள் கயலை கிளப்பில் சேர்க்கப் போன அன்று, தென்னந்தோப்பு ஓரத்தில் அவரைப் பார்த்து, "நீங்கதான கோச்?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. நான் மேனேஜர்."

நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். மேனேஜர் என்றால் எனக்குக் கண்ணாடி அறையும் ஏசியும்தான் கண்ணுக்குத் தெரியும். இவரோ ஒரு பெரிய பைக்குள் தலையை விட்டு, ஜோடி சேராத காலுறைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்ப கோச் யாருண்ணே?"

"பந்து சொல்லிக் குடுக்குறதுக்கு ஒரு பி.டி. வாத்தியாரு சனி ஞாயிறு வருவாக. நல்ல மனுசன். நான் பந்துக்கு இல்ல, ஆளுகளுக்கு." தலையை வெளியே எடுத்து என்னையும் கயலையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பா கோல் கீப்பரா நிக்கிறேங்குது. நீங்க வேணாங்குறீக. சரிதான?"

நாங்கள் இருவரும் அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வரும் வழியில் ஸ்கூட்டியில் போட்ட சண்டை அது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "பாப்பா அந்தக் கம்பத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க பாப்பாவோட மூஞ்சியவே பாக்குறீக. இதுல என்னத்தக் கண்டுபிடிக்க?" என்றார்.

அவரை நான் முதலில் பார்த்தது அதற்கும் பல வருடங்களுக்கு முன்னால். நான் பாவாடை சட்டை போட்ட வயது. ராயப்பன்பட்டியில் நடந்த ஒரு போட்டிக்கு அப்பா எங்களை டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மதுரையிலிருந்து ஒரு மில் அணி வந்திருந்தது. அந்த அணியின் பின்வரிசையில் உயரமாக ஒருவர் ஆடினார். அப்பா திராட்சைத் தோட்டத்துக்காரர், பந்தாட்டம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் பாதி ஆட்டத்தில் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அந்த ஆளு பந்துப் பக்கமே பாக்க மாட்டேங்குறான். ஆனா பந்து என்னமோ அவன் காலுக்குத்தான் வந்து சேருது."

அந்த மில் அணி கேடயம் வாங்கிய ஒரு படம் எங்கள் கிளப் அறையில் மாட்டியிருக்கிறது. வரிசையாக நிற்கும் எல்லோரும் நடுவில் இருக்கும் கேடயத்தையோ கேமராவையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர் மட்டும் வரிசையின் கடைசியில் நிற்கும் ஒருவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அவன் உதடு வெளுத்துப் போயிருந்துச்சு தாயி. படம் எடுத்த மறுநிமிசம் மயக்கம் போட்டு விழுந்தான். ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல, பயத்துல. நான்தான் தாங்கிப் பிடிச்சேன்." மற்றவர்கள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியபோது, இவர் அந்த ஆளுக்கு சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கேடயத்தை அன்றைக்கு அவர் கையால் தொடவே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடமலைக்குண்டில் ஒரு ஆட்டம் முடிந்து திரும்பும்போது வேனில் சொன்னார். அவர் அப்பா மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடுகிறவர். இவர் பிறந்ததும் அங்கே தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீட்டில், லயத்தில்தான். அங்கே ஸ்காட்லாந்துக்காரத் துரைமார் மலையை வெட்டிச் சமன்செய்து போட்டுவிட்டுப் போன ஒரு மைதானம் உண்டு. துரைமார் போய்விட்டார்கள், பந்து அங்கேயே நின்றுவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து தொழிலாளிகள் ஆட இறங்கும் நேரத்துக்குச் சரியாக மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கும்.

"பந்து எங்கன இருக்குன்னே தெரியாது. வெள்ளப் பந்து தனியாத் தெரியாது, எல்லாமே வெள்ளையா இருக்கும். ஆனா பக்கத்துல ஆளு தெரிவான். அவன் தோளு திரும்புனா பந்து வருது. இடுப்பு எறங்குனா அடிக்கப் போறான். காலு தயங்குனா அவனுக்கு எங்கயோ வலி. அப்படியே பழகிப்போச்சு. கீழ எறங்கி வந்தா இங்கன மஞ்சே இல்ல. ஆனாலும் கண்ணு மாறல."

"வீட்லயும் அப்படித்தானாண்ணே?" என்று கேட்டேன். அவர் மனைவியும் அன்று எங்களோடு வேனில் இருந்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அத ஏன் கேக்குற. கொழம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, ஒன் கண்ணு ஏன் வீங்கியிருக்குன்னு கேப்பாக. கொழம்பப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த வந்ததில்ல."

வேன் முழுக்கச் சிரித்தோம். அவர் சிரிக்காமல், பின்சீட்டில் தூங்குவதுபோல் நடித்த ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "ஏ ஆத்தா, காலு வலி விட்ருச்சா?" என்றார்.

அந்தப் பெண்ணால்தான் அன்றைக்குக் கடமலைக்குண்டில் பெரிய தகராறு. முன்வரிசையில் ஆடுகிறவள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோல் அடித்தாள். வழக்கம்போல் இவர் பி.டி. வாத்தியாரிடம் "யாரு அடிச்சா?" என்றார். யார் என்று தெரிந்ததும் அவளை வெளியே கூப்பிட்டுவிட்டார். அவள் அப்பா எல்லைக் கோட்டுக்கே வந்து கத்தினார்.

"என்னய்யா மேனேஜரு! கோல் அடிச்ச பிள்ளையவா கூப்புடுவீரு? உமக்கென்ன கிறுக்கா?"

"அவ சிரிக்கலங்க."

"என்னது?"

"கோல் அடிச்சுட்டு எல்லாம் வந்து கட்டிப்பிடிக்கிறாளுக, அவ சிரிக்கல. எங்கயோ வலிக்குது. ஆத்தா, ஷூவக் கழட்டு."

அவள் கழற்ற மறுத்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே மறுத்தாள். கடைசியில் கழற்றியபோது பெருவிரல் நகம் கறுத்துப் பாதி பெயர்ந்திருந்தது. அப்பா ஆசையாக மதுரையிலிருந்து வாங்கி வந்த புது ஷூ. அளவு சிறியது. சொன்னால் அப்பா வருத்தப்படுவார் என்று போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறாள். சற்றுமுன் கத்திய மனிதர் அதே இடத்தில் மண்ணில் உட்கார்ந்து மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம் என்பதையும் சொல்லவேண்டும். இவருடைய மேனேஜர் வேலையில் தோல்விகள் நிறைய. நன்றாக ஆடிக்கொண்டிருப்பவளை முகம் சரியில்லை என்று வெளியே எடுப்பார். ஒரு பெண் அழகான கோல் அடித்துவிட்டு ஓடிவந்தால் அதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய குறை. "சார், இந்த ஒரு தடவையாச்சும் பாத்தீகளா?" என்று கேட்பார்கள். "நீ அடிப்பன்னு தெரியும்டா, அதான் பாக்கல" என்று சமாளிப்பார். யாரும் நம்பியதில்லை.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. எந்த ஊருக்கு ஆடப் போனாலும் எங்கள் வேன் மைதான வாசலில் ரோட்டைப் பார்த்து முகம் திருப்பித்தான் நிற்கவேண்டும். முன்னால் ஒரு சைக்கிள்கூட நிற்கக்கூடாது. டிரைவர் சாவியோடு வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். டிரைவருக்கு ஆட்டம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. "ஏண்ணே, நாம என்ன பேங்குலயா கொள்ளையடிக்க வந்துருக்கோம், வண்டியத் திருப்பி வச்சுக்கிட்டு ஓடுறதுக்கு?" என்று புலம்புவார். இவரோ ஆட்டம் தொடங்கும் முன் குடையை ஊன்றி ஊன்றி வாசல்வரை நடந்து, வேனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. பந்து கயலை நோக்கி வரும்போதெல்லாம் என் விரல்கள் தாமாகவே துப்பட்டா நுனியில் முடிச்சுப் போடும். ஆட்டம் முடியும்போது துப்பட்டா கயிறு மாதிரி ஆகிவிடும். ஒருநாள் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்.

"தாயி, முடிச்சுப் போடுறத கொஞ்சம் மறைவா வச்சுப் போடுங்க. ஒங்க பிள்ளை பந்தப் பிடிச்சதும் மொதல்ல ஒங்க கையத்தான் பாக்குறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டேன்.

கயலுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, பந்து தூரத்தில் இருக்கும்போது பின்னால் நகர்ந்து, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. தான் நடுவில் நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ளவாம். கையுறை கம்பத்தில் படும் அந்த 'டொப்' சத்தம் கேட்டால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

மாவட்டக் கேடயத்துக்கான இறுதிப் போட்டி தேனியில் நடந்தது. எங்கள் கிளப் ஆண்களோ பெண்களோ அந்தக் கேடயத்தை அதுவரை வாங்கியதில்லை. ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. கிளப் செயலாளர் உரக்கடை வைத்திருப்பவர், அன்று கடையையே அடைத்துவிட்டு மேளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆளுக்கொரு கோலாக ஆட்டம் சமமாக நின்றது.

இரண்டாம் பாதியில் ஒரு பந்தைத் தடுக்கப் பாய்ந்த கயல், பந்தைத் தட்டிவிட்டுக் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார்கள். எழுந்து நின்றாள், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். மேனேஜர் கோட்டருகே நின்று மாற்றுக் கீப்பரை எழுந்திருக்கச் சொன்னார். கயல் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, பிள்ளை நல்லாத்தான் இருக்கு. இந்த நேரத்துலயா கீப்பர மாத்துவாக?" என்றார் செயலாளர். மேனேஜர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு சரி என்று கையைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் தன் இடத்தில் நிற்கவில்லை. குடையை ஊன்றி, எல்லைக் கோட்டை ஒட்டியே எங்கள் கோல் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் நேரம். பந்து எதிர்ப்பக்கம். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அங்கே குவிந்துவிட்டார்கள். மேளம் அடிக்கிறது. அத்தனை பேர் கண்ணும் அந்தக் கோலை நோக்கி இருந்தது, என் கண்ணும்தான். இந்தப் பக்கக் கோலில் கயல் தனியாக நின்றாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள் என்று பிறகு மேனேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு, வழக்கம்போல் பின்னால் கையை நீட்டிக் கம்பத்தில் சாயப் பார்த்திருக்கிறாள். அவள் நினைத்த இடத்தில் கம்பம் இல்லை. அது இன்னும் தள்ளி இருந்தது.

அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மாடிப்படிகூட ஏறமாட்டார். என் பக்கத்தில் ஏதோ தொப்பென்று விழுந்தது. பார்த்தேன், குடை. அது கிடந்த இடத்திலிருந்து மைதானத்துக்குள் குறுக்காக அவர் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடும் திசையில் பார்த்த பிறகுதான் என் மகள் தரையில் கிடப்பதையும், அவள் கால்கள் வெட்டி வெட்டி இழுப்பதையும் பார்த்தேன். அதே நேரம் எனக்குப் பின்னால் மைதானம் எழுந்து கத்தியது. எங்கள் அணி கோல் அடித்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கியிருந்தார். வாயில் வந்த வாந்தியைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ரெஃப்ரி ஓடிவந்தார். அந்தப் பக்கம் நின்ற லைன்ஸ்மேனும் வந்தார். இருவருமே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். ரெஃப்ரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே... நீங்க எப்ப உள்ள வந்தீக? விசிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எந்த விசிலு? நான் அப்பவே வந்துட்டேன். ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

கோல் அடிக்கும் நேரத்தில் அந்த அணியின் ஆள் ஒருவர் அனுமதியில்லாமல் மைதானத்துக்குள் இருந்தால் அந்தக் கோல் செல்லாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வேன் ரோட்டைப் பார்த்து நின்றது. அதன் முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும், மண்டை ஓட்டுக்குள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறக்கவேண்டும் என்றார்கள். அடிபட்டதும் நன்றாகத்தான் பேசுவார்களாம், பிறகு திடீரென்று விழுவார்களாம். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து கையெழுத்துப் போட்ட என் கணவரின் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அறுவை அறை மூடிய பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜரின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் ஆட்டோக்களில் வந்து சேர்ந்தார்கள். கோல் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். அதன் பிறகு மாற்றுக் கீப்பர் ஒரு பந்தை விட்டுவிட, தோற்றிருக்கிறார்கள். கேப்டன் பெண் விம்மி விம்மி அதைச் சொன்னாள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோல் விழுந்துச்சா? யாரு அடிச்சா?"

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரி என்றுகூடப் பாராமல் சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னும் அதிகமாக அழுதார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரெஃப்ரி கேட்டபோது தன் பதிலில் என்ன போகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தப்பு என் மேல தாயி. அப்பவே வெளிய எடுத்துருக்கணும். கட்டைவெரலத் தூக்கிக் காட்டுனா பாருங்க, நான் வெரலப் பாத்துட்டேன். மூஞ்சியப் பாத்துருக்கணும்."

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றுதான் டாக்டர் வெளியே வந்ததும் சொன்னார். மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த விரலை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குள் அந்தக் கோலின் பேச்சு வேறு மாதிரி நடந்தது. கயல் வீடு திரும்பிய பிறகு நன்றி சொல்ல நான் உரக்கடைக்குப் போனேன். செயலாளர் நாற்காலி எடுத்துப் போட்டார், கயலை விசாரித்தார். பிறகு ஆற்றமாட்டாமல் சொன்னார்.

"மேடம், பிள்ளை பொழைக்கணும்னு நாங்களும்தான் சாமி கும்புட்டோம். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. கோட்டுக்கு வெளிய சுத்தி ஓடியிருக்கலாம்ல? பிள்ளையும் பொழச்சிருக்கும், கேடயமும் வந்துருக்கும்ல?"

அவர் கெட்டவர் இல்லை. ஆபரேஷன் அன்று இரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிவந்தவரே அவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனிக்குக் காய் வாங்கப் போனவள், மைதானத்துக்குள் நுழைந்தேன். ஆள் இல்லை. குடை விழுந்த இடத்திலிருந்து முதலில் குறுக்காக நடந்தேன். பிறகு வெளியே சுற்றி நடந்தேன். செயலாளர் சொன்னது பொய்யில்லை, பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தை என்னால் நடந்து முடிக்க முடியவில்லை. மூலைக் கொடி நடும் இடம்வரை போனதும் கத்தரிக்காய்ப் பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜரிடமே கேட்டேன், ஏன் சுற்றிப் போகவில்லை என்று. "குறுக்க போறதுதான கிட்ட?" என்றார், நான் ஏதோ வழி கேட்டதுபோல.

அந்த மழைக்காலத்தில் கிளப் கூட்டம் போட்டு, இனி முழுநேரமாக ஒரு கோச் வைத்துக்கொள்ளலாம், மேனேஜர் என்று தனியாக வேண்டாம் என்று முடிவெடுத்தது. நானும் என் கணவரும் போய்ப் பேசிப் பார்த்தோம். "அவரு மேல மரியாத இல்லாம இல்லங்க" என்றார்கள் எல்லோரும். அவர் பந்துப் பையையும் காலுறைகளையும் எண்ணாமல்கூட ஒப்படைத்துவிட்டு வந்தார். புதுக் கோச் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல தம்பி. பந்த நல்லாப் பாக்குறாப்ல" என்றார்.

கயலுக்கு முடி வளர்ந்தது. தழும்பை மறைத்து ஜடை போடும் அளவுக்கு வளர்ந்ததும், "அம்மா, நான் எப்ப ஆடப் போறேன்?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு டாக்டர், தலைக்குக் கவசம் போட்டுக்கொண்டு ஆடலாம் என்றார். நான் இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். இருவரும் அதையே சொன்னார்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை. மலைமேல் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்த மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஆடணும்ங்குறா. நான் என்ன செய்ய?"

"டாக்டர் என்ன சொன்னாக?"

"ஆடலாம்ங்குறாக."

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத்தான் பயம்."

"ஆமாண்ணே. ரொம்பப் பயமா இருக்கு."

"பயத்த வீட்ல விட்டுட்டு வராதீக" என்றார். "கூடவே கூட்டிட்டு வாங்க. பயந்தவுகதான் நல்லாப் பாப்பாக. என்னைக்கு மேட்ச்?"

அன்றைக்கு அவர் குமுளி பஸ்ஸில் இறங்கி வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் புதுக் குடை. செயலாளர் ஓடிப்போய் முன்வரிசையில் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. வாசல்வரை நடந்து வேனைப் பார்த்தார். அது ரோட்டைப் பார்த்துத்தான் நின்றது. டிரைவர் சாவியை உயர்த்திக் காட்டினார். "யாரும் சொல்லலண்ணே, நானாத்தான் நிப்பாட்டுனேன்" என்றார்.

பிறகு எங்கள் கோலின் வலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தேன், துப்பட்டாவில் முடிச்சுகளோடு. அவர் பார்த்தார், குடையை என் பக்கத்தில் ஊன்றிக்கொண்டார்.

பந்து தூரத்துக்குப் போனது. கயல் நீலக் கவசத்துக்குள் சிறியவளாகத் தெரிந்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினாள்.

டொப்.

மறுபக்கம் நகர்ந்தாள். கையை நீட்டினாள்.

டொப்.

எங்கேயோ பெரிய சத்தம் கேட்டது. விசில், மேளம், ஆட்கள் எழுந்து நின்று கத்துவது. எல்லாம் ரொம்ப தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. என் தோளில் குடையின் பிடி மெதுவாகத் தட்டியது.

"தாயி, யாரு அடிச்சா?"

"தெரியலண்ணே."

"நம்ம பிள்ளைகளா, அவுகளா?"

"அதுவும் தெரியலண்ணே" என்றேன், கயலிடமிருந்து கண்ணை எடுக்காமல்.